பூச்சுக்காரர்

வீட்டிலேயே தட்டிச் செய்த பித்தளை, செம்பு, ஈயப் பொய்யிரைகளுக்குக் கடைசியாக நிறமற்ற காப்புப் பூச்சு ஒன்று உண்டு. பூசியது கண்ணுக்குத் தெரியக் கூடாது. பூசாததுபோல மங்கிக் கிடக்கவும் கூடாது. இந்தச் சங்கடத்தையே வாழ்க்கைப் பணியாக ஏற்றுக்கொண்டவர் பூச்சுக்காரர். மீன்பிடிப்போர் குலத்தின் ஒரு கிளையாக அவரைச் சேர்ப்பது வழக்கம். தூண்டில் கழி இருக்கிறது, படகு இருக்கிறது, தூண்டில் முட்களைக் குத்திவைத்த தொப்பி இருக்கிறது. மீன்தான் அவ்வளவாக இருப்பதில்லை.

அமெரிக்காவில் ஐம்பெரும் ஏரிகளைச் சுற்றியுள்ள மிச்சிகன், விஸ்கான்சின், மின்னசோட்டா மாநிலங்கள் இவர் செழித்து வளரும் பகுதி. வாழிடம் கார் ஷெட். உள்ளே இவர் இருப்பதால் கார் வெளியே நிற்கும். குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க அங்கே உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு காரின் அடித்தகட்டை அரித்துத் துருவாக உதிர்க்கும். மூன்று அங்குலப் பித்தளைத் தகட்டுக்கு நாலு கோட் கொடுத்துக் காப்பாற்றுகிறவர் இதைக் கவனிப்பதில்லை. உள்நாட்டு ஏரிகள் உறைந்துகிடக்கும் டிசம்பர் முதல் மார்ச் வரை அவருக்குப் பருவகாலம். அப்போது உண்மையான மீன்பிடிப்பவர்கள் பனிக்கட்டியில் துளை போட்டு அதன் முன் உட்கார்ந்திருப்பார்கள். பூச்சுக்காரர் டப்பாவில் துளை போட்டுக்கொண்டிருப்பார். ஏன் டப்பாவில் துளை என்பது பின்னால் வரும்.

அந்தப் பகுதியில் இவ்வினம் பெருகியதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. மிச்சிகன் ஏரியில் அலைவைஃப் என்ற சிறு மீன் அளவுமீறிப் பெருகிக் கரையெல்லாம் செத்து ஒதுங்கிய காலத்தில், அதைத் தின்னட்டும் என்று 1966-ல் பசிபிக் கடலோரத்துக் கோஹோ சால்மன் குஞ்சுகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஆண்டு சினூக் சால்மனும் வந்தது. திட்டம் பலித்தது. ஓடும் படகின் பின்னால் ஸ்பூன் எனப்படும் குழிந்த உலோகத் தகட்டை இழுத்துச் சென்றால் சால்மன் கவ்வியது. ஏரிக்கரை ஊர்களில் ஒரு தலைமுறையே தகடு வெட்டத் தொடங்கியது. மாநில மீன்வளத் துறை மீனைத்தான் விட்டது. கூடவே பூச்சுக்காரரும் வந்து சேர்ந்தார்.

ஸ்பூனின் மூதாதை சாப்பாட்டு மேசையிலிருந்து வந்தவன். வெர்மான்ட் மாநிலத்தில் பாமசீன் ஏரியில் ஜூலியோ பியூவல் என்ற இளைஞர் படகில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைதவறி விழுந்த ஸ்பூன், மினுங்கிக்கொண்டே ஆழத்தில் இறங்க, ஒரு மீன் பாய்ந்து அதைக் கவ்வியதாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, 1852-ல் அவர் தம் பொய்யிரைக்குக் காப்புரிமை பெற்றது ஆவணத்தில் இருக்கிறது. பூச்சுக்காரர்கள் பியூவலை மதிக்கிறார்கள். ஆனால் அவர்கள் கும்பிடும் சாமி ஃபின்லாந்துக்காரர். 1936-ல் லௌரி ராப்பாலா தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிய உலோகத்தாளை அதன்மேல் ஒட்டி, காப்புப் பூச்சுக்குப் புகைப்பட நெகடிவ்களை உருக்கி ஊற்றினார். நெகடிவில் இருந்தவர்கள் யார், அவர்களைக் கேட்டாரா என்ற கேள்விகள் பூச்சுக்காரருக்கு எழுவதே இல்லை. “மேலே என்ன கோட் போட்டார்?” என்று மட்டும் கேட்பார். பதிலைக் கேட்டுச் சற்று நேரம் மௌனமாக இருப்பார். அன்றிரவு வீட்டு ஆல்பங்களை ஒளித்துவைப்பது நல்லது.

பூச்சு எதற்கு என்பதற்கு நியாயமான பதில் உண்டு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றும் ஈரமும் பட்டால் மங்கி, பழுப்பேறி, கடைசியில் களிம்பு பூக்கும். நம் வீடுகளில் இதற்குப் புளி இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு பழைய நிறத்துக்குத் திரும்பியது. மிச்சிகனில் புளி சுலபமாகக் கிடைக்காததால் வினிகரும் உப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. மேலே பெயின்ட் அடித்த ஸ்பூனுக்கு வேறு பகைகள்: மீனின் பல்லும், ஏரிப்பாறையும், பெட்டிக்குள் உராயும் பக்கத்து ஸ்பூனின் முள்ளும். இப்போது குவாக்கா சிப்பியும் சேர்ந்துவிட்டது. அயல்நாட்டிலிருந்து கப்பல் நீரோடு வந்த இந்தச் சிப்பி மிச்சிகன் ஏரியின் அடிப்பரப்பை விரிப்புப்போல மூடிக் கிடக்கிறது. ஓட்டின் விளிம்பு கத்தி. எனவே பூச்சு தேவைதான். ஒரு கோட் போதும். இரண்டு போட்டால் நல்லது. பூச்சுக்காரர் என்ற மனித வகை மூன்றாவது கோட்டில் உருவாகிறது.

முதல் வேலை சுத்தம் செய்தல். பளபளவென்று மெருகேற்றிய உலோகத்தில் எந்தப் பூச்சும் நன்றாகப் பிடிக்காது. பிடிமானத்துக்கு மேற்பரப்பு நுண்ணியதாகச் சிராய்க்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே பூச்சுக்காரர் மூன்று மாலைகள் தேய்த்து முகம் தெரிய மெருகேற்றிய ஸ்பூனை நான்காவது மாலை 600 எண் உப்புத்தாளால் தாமே மங்கடிக்கிறார். பிறகு அந்த மங்கலைப் போக்கிப் பளபளப்பு தர மேலே பூசுகிறார். ஓரங்களை அரத்தால் மழுக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். திரவப் பூச்சு கூரிய விளிம்பில் நிற்காது, இரு பக்கமும் ஒதுங்கிவிடும். விளிம்பில் படலம் மெலிந்துபோவதால் உரிதல் எப்போதும் அங்கிருந்தே தொடங்குகிறது.

அடுத்து அசிட்டோன் துடைப்பு. அதற்குப் பின் ஸ்பூனை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய் ஒட்டினால், அதைவிட மோசமாகச் சிலிக்கோன் கலந்த மேசைப் பாலிஷின் ஒரு துளி காற்றில் மிதந்துவந்து படிந்தால், பூச்சு அந்த இடத்தில் விலகி வட்ட வட்டமாகக் குழிகள் விழும். பெயின்ட் தொழிலில் இந்தக் குறைக்குப் பெயர் மீன்கண். மீனைப் பிடிக்கச் செய்த பொருளில் மீன்கண் விழுந்தால் ஏன் இவ்வளவு துக்கம் என்று வெளியார் கேட்கக் கூடும். கேட்கக் கூடாது. நோய்த்தொற்று வார்டில்கூட இல்லாத கண்டிப்பு அந்த ஷெட்டில் நிலவும். கையுறை இல்லாமல் உள்ளே வந்த பேரப்பிள்ளை பத்தடி தூரத்தில் நிறுத்தப்படுவான். வரவேற்பறையில் மரச்சாமான்களுக்கு ஸ்பிரே அடித்த மனைவி, தாம் என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமலே இரண்டு நாள் பேச்சுவார்த்தை இன்றி இருப்பார்.

எந்தப் பூச்சு என்பதில்தான் இவ்வினம் கிளைக்கிறது. சைவத்துக்கும் வைணவத்துக்கும் இடையில் இருந்த வாதங்கள் இதன் முன் சாந்தமானவை. அடிமட்டத்தில் நெயில் பாலிஷ்காரர். நிறமற்ற நகப்பூச்சு என்பது நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட் போன்ற கரைப்பான்களில் கரைத்ததுதான்; தூரிகையும் மூடியிலேயே வருகிறது. சில நிமிடத்தில் காயும், சில மீனில் உரியும். மருந்துக்கடையில் ஒரே சமயத்தில் பதினொரு குப்பி வாங்கும் அறுபது வயது ஆணைக் கல்லாவில் இருக்கும் பெண் ஏறிட்டுப் பார்ப்பாள். “மீனுக்கு” என்பார் அவர். அந்த விளக்கம் நிலைமையைச் சீராக்கியதாக வரலாறு இல்லை. அவருக்கு ஒரு படி மேலே லாக்கர் ஸ்பிரேகாரர். ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெள்ளையாகப் பனிமூட்டம் பிடிக்கும். ஆகவே அவர் ஸ்பூனைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பதே அதிகம். இவர்களில் படித்தவர் ஒருவர் இன்க்ராலாக் பற்றிப் பேசுவார். 1960-களில் செம்பு உலோகங்களுக்கென்றே உருவான அக்ரிலிக் லாக்கர் அது, பென்சோட்ரையசோல் சேர்ந்தது, அருங்காட்சியகங்கள் வெண்கலச் சிலைகளுக்குப் பூசுவது. சிலைக்குத் தகுந்தது தம் ஸ்பூனுக்குத் தகாதா என்பது அவர் கட்சி.

எபாக்சிகாரர்கள் எண்ணிக்கையில் பெரும்பான்மை. தூண்டில் கழியில் நூல் சுற்றிய இடத்துக்குப் பூசும் எபாக்சி, அல்லது முப்பது நிமிடத்தில் இறுகும் இருபாகப் பசை அவர்களுடையது. ஐந்து நிமிட எபாக்சியைப் பயன்படுத்துபவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அது சீக்கிரம் மஞ்சளிக்கும், தண்ணீரில் தளரும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரில் முப்பது நிமிடக்காரரின் எபாக்சியும் மெல்ல மஞ்சளிக்கத்தான் செய்யும். அந்தப் பேச்சை எடுப்பது நாகரிகமல்ல.

புற ஊதாப் பிசின்காரர் இளைஞர். சிறு விளக்கைக் காட்டினால் நொடிகளில் இறுகிவிடும் பிசின் அவருடையது. காத்திருத்தல் என்ற தவத்தையே ஒழித்துவிட்டதால் மூத்தவர்கள் அவரைப் பூச்சுக்காரராக ஏற்பதில்லை. காற்றின் ஆக்சிஜன் மேற்பரப்பை முழுதும் இறுகவிடாமல் தடுத்து, விரலில் ஒட்டும் பிசுக்கை விட்டுவைக்கும்போது அவர்களுக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. இன்னொருவர் கார்களுக்கு அடிக்கும் இருபாகக் கிளியர் கோட்டைக் கொண்டுவருவார். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு. தகுந்த சுவாசக் கருவியும் காற்றோட்டமும் இல்லாமல் அதைத் தொடக் கூடாது; இந்த ஒரு விஷயத்தில் பூச்சுக்காரரைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டுக் கண்டிப்பதே முறை. ஈயம் உருக்கி ஜிக் எனப்படும் பொய்யிரையை வார்ப்பவருக்கும் இது பொருந்தும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதைச் சமையலறை அடுப்பில் உருக்கிவிட்டு, அதே அடுப்பில் பவுடர் பெயின்டை 177 டிகிரியில் சுடவைப்பவர் உண்டு. பழைய பொருள் விற்பனையில் ஒரு டோஸ்டர் அடுப்பு வாங்கி அதில் ‘ரொட்டிக்கு அல்ல’ என்று எழுதிவைத்தவர் திருமண வாழ்க்கையில் நிலைத்தவர். ஈயத்தைப் பூச்சால் மூடிவிட்டால் பறவைகளுக்குத் தீங்கில்லை என்ற வாதமும் நிற்காது. ஜிக்கை விழுங்கிய லூன் பறவையின் இரைப்பையில் உள்ள கற்கள் எந்தப் பூச்சையும் அரைத்துவிடும். நியூ ஹாம்ப்ஷயர் போன்ற மாநிலங்கள் சிறிய ஈய ஜிக்குகளைத் தடை செய்திருப்பது அதனால்தான்.

இனி டப்பாவும் துளையும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகும் யூரித்தேன் என்று ஒரு வகை. முக்கி எடுத்துத் தொங்கவிட்டால் போதும், கண்ணாடிபோல் நிற்கும். ஒரே தொல்லை, மூடியைத் திறந்த கணத்திலிருந்து டப்பாவில் மிச்சமிருப்பதும் ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். ஒரு மாதத்தில் அரை டப்பா கல்லாகும். எனவே மூடியைத் திறக்கவே கூடாது என்பது சம்பிரதாயம். டப்பாவில் ஒரு துளை போட்டு, வேண்டியதை ஊற்றிக்கொண்டு, உடனே திருகாணியால் அடைத்துவிட வேண்டும். சிலர் உள்ளே ஆர்கான் வாயுவைச் செலுத்தி அடைப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு டப்பா கல்லாகும். ஷெட்டின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாதபடி முட்டுக்கொடுத்திருப்பது எதுவென்று பார்த்தால் அந்த வீட்டில் எந்த மதம் பின்பற்றப்பட்டது என்று தெரிந்துவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஷெட்டில் காற்று வறண்டிருப்பதால் ஸ்பூன் மேல் உள்ள பூச்சு காய்வதற்கு மட்டும் ஈரம் போதாது. டப்பாவுக்குள் எப்படியோ போதும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி எபாக்சிக்காகச் சொன்னது போலவே இருக்கிறது; இவர் ஏரியில் போடப்போவதை அளக்கிறார். பிசினும் கடினமாக்கியும் சரிபாதி. அளவு தவறினால் எத்தனை நாளானாலும் ஒட்டும் பிசுக்காகவே நிற்கும். மருந்து ஊசிக்குழாயால் உறிஞ்சி அளந்து, மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் குமிழி புகும். புகுந்த குமிழியை உடைக்க உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதுவார், அல்லது சிறு சுடரை ஒரு கணம் மேலே காட்டி எடுப்பார். ஊதும்போது முகத்தில் தெரியும் கனிவை அவர் பிள்ளைகள் தங்கள் குழந்தைப் பருவத்தில் பார்த்ததாக நினைவில்லை.

பூசியபின் எபாக்சி தன் எடையால் கீழே வழியும். இதைத் தடுக்கச் சுழல்சக்கரம் வேண்டும். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று போதும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் சுற்றுகிறது. இந்த உண்மை தெரியவந்த வாரத்தில் பல வீடுகளில் மைக்ரோவேவ் சூடாக்குகிறது, ஆனால் சுற்றுவதில்லை. கம்பியில் கோழி சுடும் மோட்டாரும் உதவும். சக்கரத்தில் கவ்விய பன்னிரண்டு ஸ்பூன்கள் இரவு முழுதும் சிறு ராட்டினமாகச் சுற்றும். முன்னால் நாற்காலி போட்டுக் காபியோடு அவர் உட்கார்ந்திருப்பார். மின்சாரம் போனால் எழுந்து கையால் சுற்றுவார். தூசி பறக்குமே என்று தும்மலை அடக்கும்போதுதான் அவருடைய மன உறுதியின் முழு அளவு தெரியவரும்.

நரம்பு கட்டும் துளையில் பூச்சு அடைத்துக்கொள்வது பழைய பிழை. பல்குத்தும் குச்சியை முன்பே செருகியிருக்க வேண்டும். மறந்துபோய், காய்ந்த பிறகு துளையிடும் கருவியால் குடைய, பூச்சு அந்த இடத்தில் விரிசல் விட, முதலிலிருந்து தொடங்குவார். இன்னொரு விபத்து பெட்டிக்குள் நடப்பது. ரப்பர்போல் வளையும் பிளாஸ்டிக் புழுக்களை மென்மையாக வைத்திருக்கும் திரவம் பல பூச்சுகளைக் கரைத்துவிடும். ஆறு மாத உழைப்பை ஒரு டாலர் புழுவோடு ஒரே அறையில் போட்டு மூடிவைத்தவர், வசந்தத்தில் திறந்தபோது இரண்டும் ஒன்றாகக் கலந்த ஒரு வண்ணக்கூழைக் கண்டார். அவர் அதைத் தூக்கி எறியவில்லை. அதன்மேல் என்ன பூசலாம் என்று யோசித்தார்.

மீன் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது என்பது இந்தத் துறையில் அதிகம் விவாதிக்கப்படாத பகுதி. ஆழம் கூடக்கூட நீர் ஒளியை விழுங்கும். சிவப்பு முதலில் மறையும். சால்மன் விடியலுக்கு முன் கவ்வுவதால் இருட்டில் ஒளிரும் பெயின்ட் அங்கே செல்லுபடியாகிறது. உடலின் பக்கக்கோட்டால் நீரின் அதிர்வை மீன் உணர்கிறது. ஸ்பூன் துடிப்பதும் தள்ளாடுவதும் அதற்குக் கிடைக்கும் முக்கியச் செய்தி. இந்தத் தள்ளாட்டம் தகட்டின் தடிமனையும் குழிவையும் எடையையும் பொறுத்தது. ஒவ்வொரு கோட்டும் ஓரிரு சொட்டு எடையைக் கூட்டுகிறது. 1906-ல் டெட்ராய்ட்டில் லூ எப்பிங்கர் தொடங்கிய நிறுவனத்தின் சிவப்பில் வெள்ளைப் பட்டை போட்ட டார்டெவில் ஸ்பூனை அடுத்த வீட்டுக்காரர் தந்தையிடமிருந்து பெற்றிருக்கிறார். பெயின்ட் பாதி போய்விட்டது. பட்டை எது, கீறல் எது என்று தெரியாது. அவர் அதைத்தான் வீசுகிறார், பைக் மீன் அதைத்தான் கவ்வுகிறது. வேலிக்கு மேலாக “உங்களுக்கு என்ன கிடைத்தது?” என்று அவர் கேட்டால், “நேற்றுத்தான் இரண்டாவது கோட் காய்ந்தது” என்று பூச்சுக்காரர் பதில் சொல்வார். இருவருக்கும் அந்த உரையாடல் நிறைவாகவே இருக்கிறது.

ஏரியில் இறங்கும் நாளும் வரும். படகில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்ப்பார். கீழே பாறை இருக்கிறது, ஆகவே நல்லதைக் கட்ட முடியாது. பாறை இல்லாத இடத்தில் சிப்பி இருக்கிறது. சிப்பியும் இல்லாத நடு ஏரியில் பல்லுள்ள மீன் இருக்கிறது. கடையில் வாங்கிய ஸ்பூன் ஒன்று இந்த அவசரத்துக்கென்றே பெட்டியின் மூலையில் இருக்கும். அதைக் கட்டி வீசுவார். துணிந்து தம் ஸ்பூனைக் கட்டிய அபூர்வ நாளில் மீன் கவ்விவிட்டால், வலையில் விழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது மீனின் நீளத்தை அல்ல. பூதக்கண்ணாடியை எடுத்து ஸ்பூனைப் பார்ப்பார். பல் பட்ட தடம் தெரிந்தால் மீனைத் திரும்ப விட்டுவிடுவார், மன்னித்தல்ல.

கீறல் விழுந்தது மீண்டும் ஷெட்டுக்குத் திரும்பும். பழைய பூச்சை உப்புத்தாளால் மங்கடித்து மேலே ஒரு கோட். அடுத்த கோடையில் இன்னொன்று. ஏழாவது கோட்டில் ஸ்பூன் கூழாங்கல்லின் உருவத்தை அடைகிறது. நீரில் விட்டால் தள்ளாடாமல் நேராக மூழ்கும். அதற்குப் பிறகு அதைக் கண்ணாடி முகப்பு உள்ள மரப்பெட்டியில் வெல்வெட் மேல் கிடத்தி வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறார்கள். அங்கே வெயில் படாது, மீன் வராது, புழு அண்டாது. உலோகத்தைப் பெயின்ட் காக்கிறது, பெயின்டைப் பூச்சு காக்கிறது, பூச்சைக் கண்ணாடி காக்கிறது. விருந்துக்கு வந்த ஒருவர் அருகில் போய்ப் பார்த்தபோது அந்தக் கண்ணாடியில் விரல் தடம் பதிந்துவிட்டது. கண்ணாடிக்கு மேல் பூச என்ன கிடைக்கும் என்று பூச்சுக்காரர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.